பாதி இலைக் கரடி

தேக்கங்காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தான். அவன் தும்மினால் மூன்று மரத்துப் பழம் உதிரும். அப்பேர்ப்பட்டவன் தேனடைக்கு ஆசைப்பட்டு, கிளை முறிந்து விழுந்து, பின்னங்காலை ஒடித்துக்கொண்டான். விழுந்த சத்தத்தில் ஆற்று மீனெல்லாம் கரையேறி எட்டிப் பார்த்தனவாம். சந்தேகமிருந்தால் மீன்களைக் கேளுங்கள். இல்லை என்று ஒரு மீனும் சொல்லாது!

குகையை விட்டு நகர முடியாத சடையனுக்குக் கட்டுப் போட, பூவாத்தா என்ற கீரி தினமும் வருவாள். வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

அதற்குக் காட்டில் ஒரு கூலிக்கணக்கு உண்டு. தேக்கிலையை விரித்து, ஓரத்தில் நத்தையாரை விடுவார்கள். அவர் மறு ஓரம் போய்ச் சேரும் நேரம் ஓர் இலை. இலைக்கு ஒரு விள்ளல் தேனடை. நத்தையார் நடு நரம்பைத் தாண்டிவிட்டால் முழு இலையாகவே கணக்கு. தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை.

சடையன் அந்த நடு நரம்புக் கணக்கைப் பிடித்துக்கொண்டான். நத்தையார் அதைத் தொடப் போகும் நேரம், "போதும், கிளம்பு!" என்று கத்துவான்.

"அண்ணே, கட்டு பாதிதானே சுத்தியிருக்கேன்!"

"மிச்சத்தை நான் சுத்திக்கிறேன். கூலி கிடையாது!"

"நேத்துப் பாதி, இன்னைக்குப் பாதி. சேர்த்தா ஓர் இலை ஆகாதா?"

"நேத்து நேத்தோட போச்சு! என்ன நத்தையாரே?"

நத்தையார் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டு, "கணக்குப்படி சரிதான்" என்று முனகுவார்.

பூவாத்தா வெறுங்கையோடு போவாள். வளையில் அவள் குட்டிகள் பசியோடு காத்திருக்கும். ஆனாலும் மறுநாள் வந்துவிடுவாள். பாதிக் கட்டோடு ஒரு காலை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

சடையனுக்கு ஒரே மகள் செவந்தி. ஆற்றுக்கு அக்கரை மலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த மலையைப் பார்த்தபடியேதான் அவனுக்குப் பொழுது விடியும், அடையும். அங்கே மழை இறங்கினால் இங்கே அவன் நனைந்ததுபோல் சிலிர்ப்பான். கால் கூடட்டும், முதல் வேலையாக ஆற்றைத் தாண்டிவிட வேண்டும்! அதுவரை பூவாத்தா கொண்டுவரும் சேதிதான் அவனுக்கு உயிர்.

ஒருநாள் பூவாத்தா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அண்ணே! நீங்க தாத்தா ஆயிட்டீங்க! செவந்திக்குப் பொண்குட்டி!"

சடையன் அக்கரை மலையை எட்டிப் பார்த்தான். பூவாத்தா கட்டைச் சுற்றிக்கொண்டே பேசினாள். "நெஞ்சில வெள்ளைப் பிறை, அப்படியே பளிச்சுன்னு! யார் பேரை வெச்சிருக்கா தெரியுமா? உங்க..."

சடையனின் கண் இலைமேல் இருந்தது. நத்தையாரின் கொம்பு நரம்பைத் தொடப் போனது. பழகிப்போன வாய் கத்திவிட்டது: "போதும், கிளம்பு!"

பூவாத்தா கட்டை அப்படியே விட்டாள். "சரிங்கண்ணே" என்று போய்விட்டாள்.

'நாளைக்குக் கேட்டுக்கிட்டாப் போச்சு. அதுவும் கூலியில்லாம!' என்று சடையன் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் பூவாத்தா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வழியில் போன மைனாதான் சொன்னது: "குட்டிங்க பசி தாங்கலையாம். மான்கள் இருக்கிற கிழக்குக் காட்டுக்கே போயிட்டா. அங்கே பாதி இலைக்கும் கூலி உண்டாம்!"

'பாதி இலைக் கரடி' என்று பேர் வாங்கியவனுக்குக் கட்டுப் போடவோ, அக்கரைச் சேதி சொல்லவோ வேறு யாரும் வரவில்லை. பாதிக் கட்டில் கிடந்த எலும்பு கோணலாகக் கூடியது. அந்தக் காலோடு ஆற்றைத் தாண்ட முடியாது.

இப்போதெல்லாம் சடையனே காலையில் இலையை விரித்து நத்தையாரை விடுகிறான். பூவாத்தா சொல்ல வந்தது 'உங்க...' யார் பேர்? அம்மா பேரா? செத்துப்போன பெண்டாட்டி பேரா?

"சடையா, நரம்பு தாண்டியாச்சு. முழு இலை!" என்பார் நத்தையார்.

"ஒரு விள்ளல் என்ன, அடை முழுக்கத் தர்றேன், நத்தையாரே! வாங்கிக்க ஆள் எங்கே?"

தேனடையில் எறும்பு ஊரும். சடையன் அக்கரை மலையைப் பார்த்து, பேத்தியைக் கூப்பிட வாயைத் திறப்பான். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? திறந்த வாயை மூடிக்கொள்வான்.

அன்போடு செய்கிறவரின் பாதி உழைப்பைக் கணக்குக் காட்டிப் பிடுங்குகிறவன், தனக்கு வரவேண்டிய மீதியையும் இழந்துதான் போவான்.