வீட்டைச் சுற்றி வந்த ஓட்டை

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் மூன்று நாயகங்கள் இருந்தார்கள். மூத்தவர் அருமைநாயகம், அடுத்தது தேவநாயகம், கடைசி ஜெபநாயகம். மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். ஆனது ஆகிவிட்டது, விடுங்கள்.

ஜெபத்துக்கு நாற்பது வயது. அன்று மாலை நான்கு மணிக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். பெண்ணின் அப்பா வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்து ஓய்ந்தவர். சுவரில் விரிசலைப் பார்த்துவிட்டு முந்தைய சம்பந்தத்தையே வேண்டாமென்றவர்.

எங்கள் ஹால் சுவரில் பதித்திருந்த பலகையைக் கரையான் தின்றிருந்தது. அதற்குப் பின்னால் செங்கல் கிடையாது, ஜிப்சம் போர்டுத் தடுப்புதான். "பலகையைக் கழற்றிச் சுவரைச் சரி பண்ணி வையுங்கள்" என்று மூவரிடமும் சொல்லிவிட்டு அல்வா வாங்கப் போனேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பலகை வந்தது. கூடவே உள்ளங்கை அகலச் சுவரும் வந்தது. ஹார்டுவேர் கடைக்காரரிடம் ஓடினார்கள்.

"சுவத்துல இருக்க அதே போர்டுல, ஓட்டைய விட ஒரு விரல் பெருசா துண்டு வெட்டி ஒட்டி, மேல பட்டி பாருங்க" என்றார் அவர். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"புதுசு வாங்குனா அது வேற போர்டுல்லா? அதே போர்டு சுவத்துலதான இருக்கு" என்றான் தேவம்.

"விரல்னா நீளமாண்ணே, அகலமா?" என்றான் ஜெபம்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடி யோசித்தார். "பெருசான்னுதானல சொன்னாரு? நீளம்."

படுக்கையறைத் தடுப்பில் வெட்டி ஹாலில் ஒட்டினார்கள். பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் ஹால் சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணே, ஓட்டை படுக்கையறைக்குப் போயிட்டு!"

"போவட்டும். அங்க யாருல பாக்கப் போறா?"

"மதினி."

மதினி என்றால் நான்தான். மூவரும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைத் தடுப்புக்குப் போனார்கள். அங்கே வெட்டிப் படுக்கையறையை அடைத்த பிறகுதான், அடுக்களையிலும் மதினிதான் இருப்பாள் என்று தேவத்துக்கு உறைத்தது. மீதிச் சுவரெல்லாம் செங்கல். அதே போர்டு இன்னும் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஹாலில்.

மூன்றே முக்காலுக்கு நான் திரும்பியபோது ஹால் சுவரில் ஓர் ஆடு தாராளமாகப் புகுந்து வரலாம். என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜை அளந்துகொண்டிருந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

"ஓட்டைய விட ஒரு விரல் பெருசா எதாவது கெடைக்கான்னு பாக்கேன்."

ஃபிரிட்ஜ் நகரவில்லை. கடைசியில் ஜெபத்தின் முதுகை அளந்தார்கள். கச்சிதம். அழைப்புமணி அடித்தது.

பெண்ணின் அப்பா, அம்மா, தம்பி என்று மூன்று பேர் வந்தார்கள். அப்பா எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தார், ஜெபம் சாய்ந்து நின்ற இடத்தைத் தவிர. அல்வாவையும் நின்றே தின்றான் ஜெபம்.

"நாலு தடவ உக்காரச் சொல்லிட்டேன். பெரியவங்க முன்னால உக்கார மாட்டேங்காரே! இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று அவர் கண்கலங்கினார். தேதியும் குறித்தாகிவிட்டது.

அவர்கள் போனதும் தேவம் கவலையோடு கேட்டான். "கல்யாணத்தன்னைக்கு இவன் கோயிலுக்குப் போயிட்டா, இங்க யாருண்ணே நிப்பா?"

என் வீட்டுக்காரர் மறுபடி கண்ணை மூடினார். ஜெபம் சுவரை விட்டு அசையாமல் சொன்னான்:

"பொண்ணோட தம்பிய நல்லாப் பாத்துட்டேம்ணே. என்னைய விட ஒரு விரல் பெருசு."