மடத்துக்கு வந்த செங்கமலத்தின் மெயில்

மடத்துக்கு வரும் மெயில்களைப் பார்ப்பது ஆதிமூலத்தின் வேலை. அறுபத்திரண்டு வயதில் காவி கட்டியவர். குரு மங்கையர்க்கரசி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். 'எனதல்ல என்று விடப் பழகுங்கள்' என்று குரு ஒருமுறை சொன்னதை மனிதர் உடும்பாகப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் செல்போன் பழுதுபார்க்கும் கடையிலிருந்து, செங்கமலம் என்ற பெயருக்கு ஒரு மெயில் வந்தது. போன் கடைக்கு வந்து சேர்ந்ததாம். எனதல்ல என்று அழித்தார். மறுநாளும் வந்தது, அழித்தார். மூன்றாவது மெயில் கேள்வி கேட்டது. போனில் உள்ளதையெல்லாம் அழித்தால்தான் சரியாகும், சம்மதமா? தொல்லை விட்டால் போதுமென்று சம்மதத்தை அழுத்தினார்.

அதோடு மெயில் நின்றது. அவருக்கு நிம்மதியாகவே இருந்தது.

நாலாம் நாள் காலையில் ஒரு பெண் மடத்து வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, நான் செங்கமலம். எனக்கு மெயிலெல்லாம் கிடையாது. கடையில கேட்டாங்க. மடத்துக் காலண்டர்ல போட்டிருந்த மெயிலைக் குடுத்தேன், வந்தா நீங்க சொல்லி விடுவீங்கன்னு. ஏதாச்சும் வந்துச்சா?"

"ஏன் கேக்கறம்மா?"

"போன்ல எம்மவன் குரல் இருந்துச்சு. அவன் போயி ஏழு மாசமாச்சு. அதை அழிச்சிட்டாங்க. நான் சம்மதம் குடுத்தேனாம்."



"ஒண்ணும் வரலையே" என்றார் ஆதிமூலம்.

"அப்ப நான்தான் ஏதோ தப்பா எழுதிக் குடுத்திருக்கேன். எம்மவனை நானே அழிச்சிட்டேன், பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டே போனாள்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. குருவின் முன்னால் போய் உட்கார்ந்து, பொய் சொன்னது உட்பட எல்லாவற்றையும் கொட்டினார்.

"அந்தக் குரல் திரும்பி வருமா, அம்மா?"

"வராது."

"கடையில வேற எங்கயாவது எடுத்து வச்சிருந்தா?"

"இருந்தா அவ இங்க வந்திருக்க மாட்டா, ஆதிமூலம்."

"எனதல்லன்னு விடச் சொன்னது நீங்கதானே?"

குரு எழுந்து வாசலுக்குப் போனார். ஆதிமூலத்தின் செருப்பைத் தன் கையால் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். ஆதிமூலம் பதறி எழுந்தார்.

"நான் போய் என்னத்தைக் குடுக்கறது, அம்மா? எங்கிட்ட ஒண்ணுமில்லையே."

"குடுக்க ஒண்ணுமில்லதான். அவளுக்கு வர வேண்டியது உங்ககிட்ட வந்துச்சு. உங்களுக்கு வர வேண்டிய ஏச்சு இப்ப அவகிட்ட இருக்கு. அது உங்களோடது. போய் வாங்கிக்குங்க."