நாலு பேர் சேரட்டும்

இது எனக்கு எரிச்சல் மூட்டிய கதை. உங்களுக்கும் மூட்டும். ஆனாலும் கடிகார மணியைக் கவனித்துக்கொண்டே கேளுங்கள். விடை அதில்தான் கிடக்கிறது.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அன்றைக்கு அங்கே நாய்க்கடி மருந்து ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. ஒரு குப்பியில் நாலு பேருக்கு ஊசி போடலாம். திறந்துவிட்டால் ஆறு மணி நேரம் தாங்கும், பிறகு கொட்டிவிட வேண்டியதுதான். அதனால் மேலிடத்துக் கட்டளை: நாலு பேர் சேர்ந்தால்தான் திறக்க வேண்டும். ஷேர் ஆட்டோ ஆள் சேராமல் கிளம்பாது இல்லையா, அந்தக் கதைதான். நாய்க்கடி இல்லாத நாளே அந்த வட்டாரத்தில் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு மாடத்தி தன் ஆறு வயது மகள் பூரணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளையின் கன்னத்தில் தெருநாய் கடித்திருந்தது. டவுனுக்குப் போகிற ஒரே பஸ்ஸும் அதற்குள் போய்விட்டது. நர்ஸ் செண்பகவல்லி குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினாள். பிறகு மருந்தாளுநர் கிரகோரியிடம் குப்பியைக் கேட்டாள்.

"ஒரு ஆளுக்கா? நாலு பேர் சேரட்டும்" என்றார் அவர்.

"முகத்துல கடிச்சிருக்கு சார். மூளைக்கு எவ்வளவு பக்கம்!"

"எனக்குத் தெரியாதாம்மா? மருந்து வீணாச்சுன்னு போன மாசமே மெமோ வாங்கியாச்சு. இப்ப மூணு ஊசியைக் கொட்டினா வேலையே போயிரும்."

பத்தரைக்கு, கடிபட்ட பால்காரர் ஒருவர் வந்தார். பன்னிரண்டு மணிக்கு ஒரு கல்லூரிப் பெண். மூன்றாயிற்று. நாலாவது ஆளைக் காணோம். வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது மாடத்திக்கும் தெரியும்.

"சார், உங்க கால்ல வேணா விழுதேன்" என்று அழுதாள். கிரகோரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன மனுஷனய்யா!

ஒரு மணி. சர்க்கரை மாத்திரை வாங்கப் பத்து மணியிலிருந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாத்திர வியாபாரி உதுமான் எழுந்தார்.

"என் பேரையும் எழுதுங்க சிஸ்டர். என்னையும் நாய் கடிச்சிட்டு."

"எங்க பாய்?"

"பொம்பளப் பிள்ளைங்க முன்னாடி காட்டுற இடமா இருந்தா காட்ட மாட்டேனா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். செண்பகவல்லிக்குப் புரியாமலா இருக்கும்? தலையை நிமிர்த்தாமல் பெயரை எழுதினாள். குப்பி திறந்தது. பூரணிக்கு ஊசி விழுந்த பிறகுதான் மாடத்திக்கு மூச்சே வந்தது. கிரகோரி பக்கத்திலேயே நின்றதால் உதுமான் கையிலும் குத்தித்தான் ஆகவேண்டியிருந்தது.

இரண்டரை மணிக்குச் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் தங்கப்பழம், ரத்தம் வழியும் காலோடு நொண்டிக்கொண்டு வந்தார். குப்பி காலி.

"நாளைக்குக் காலையில டவுனுக்குப் போயிருங்க" என்றார்கள். யாரோ நடந்ததைச் சொல்லிவிட்டார்கள். இன்னும் மாத்திரைக்காகக் காத்திருந்த உதுமானின் சட்டையைத் தங்கப்பழம் பிடித்துவிட்டார்.

"என் ஊசியைத் திருடிட்டீரே ஓய்! எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் பிள்ளைகளுக்கு யாரு?"



இப்போது சொல்லுங்கள். பொய் சொன்ன உதுமானா, பொய்யென்று தெரிந்தே எழுதிய செண்பகவல்லியா, கட்டளையைக் காத்த கிரகோரியா? தங்கப்பழத்தின் ஊசியைப் பறித்தது யார்?

விடை: கிரகோரி காத்த அந்தக் கட்டளைதான். ஒன்பது மணிக்கே திறந்திருந்தால் குப்பி மூன்று மணி வரை தாங்கியிருக்கும். பூரணி, பால்காரர், கல்லூரிப் பெண், இரண்டரைக்குத் தங்கப்பழம். சரியாக நாலு பேர். ஒரு சொட்டு வீணாகியிருக்காது, யாரும் பொய் சொல்லவும் வேண்டியிருந்திருக்காது. "இரண்டரைக்கு ஒருத்தர் வருவாரென்று கிரகோரிக்கு ஜோசியமா தெரியும்?" என்று கேட்பீர்கள். தெரிய வேண்டாம் ஐயா! அன்றைக்கு வேறு ஒருத்தருமே வராமல் போயிருந்தாலும் திறந்திருக்க வேண்டும். மூன்று ஊசியைக் கொட்டினால் கொட்டட்டும். கன்னம் கிழிந்து நின்ற அந்தப் பிள்ளை ஒரு ஆள் இல்லையா?