ஓலையில் வந்த பகவதி

சுடலையாண்டி மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. குருவான நாச்சியாரம்மைக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. இதென்ன தலைகீழாக இருக்கிறதே என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் அம்மா என்பார், அம்மை அவரை அண்ணாச்சி என்பார். அந்த ஏற்பாட்டில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த மனிதர். ஒரே மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஆறு வருஷம் அவளோடு பேசவில்லை. அப்படியொரு வீம்பு. கடைசியில் மனசு கேட்காமல் அவர் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இதை மடத்தில் யாரிடமும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகள் ஒருத்தி இருந்தாள், தவறிப்போனாள். அம்மைக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அன்று மத்தியானம் அம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது சுடலையாண்டி வந்து நின்றார். முகமெல்லாம் பூரிப்பு. பக்கத்து ஊரில் ஒருவர் ஏடு வாசிக்கிறாராம். இறந்துபோனவர்கள் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ஏட்டில் எழுதியிருக்கிறதாம். செல்போனில் அவர் யாருக்கோ ஏடு வாசிக்கிற வீடியோவை நாற்பது தடவை பார்த்துவிட்டுத்தான் போனாராம். மகள் பெயர் வந்தது, வந்த நோயும் வந்தது. அப்பா மேல் கோபம் இல்லை என்றும் வந்ததாம். வெள்ளிக்கிழமை போனால், அவள் மறுபடி எந்த வீட்டில் பிறந்திருக்கிறாள் என்று விலாசத்தோடு அடுத்த ஏட்டில் வருமாம். அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், பிள்ளையை ஒரு தடவை தூக்கிக் கொஞ்ச வேண்டும். அதற்குத்தான் உத்தரவு கேட்டு வந்திருந்தார்.

“நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?” என்று அம்மை கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலம்மா. ஆமா, இல்லை, ரெண்டே வார்த்தைதான். அங்க அதான் முறை.”

“எத்தனை தடவை இல்லைன்னு சொன்னீங்க?”

“ஒண்ணு ரெண்டு இருக்கும். அதை யாரு கவனிச்சா?”

அம்மை எழுந்து போய் வேலியில் காய்ந்து கிடந்த பனையோலையில் ஒரு துண்டைக் கிழித்து வந்தார். பழைய இடத்திலேயே உட்கார்ந்து அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதே முறையில் பதில் சொல்லச் சொன்னார்.

மகள் பெயர் பூவின் பெயரா என்று கேட்டார். இல்லை. நகையின் பெயரா? இல்லை. ஆற்றின் பெயரா? இல்லை. சாமி பெயரா? ஆமா. மலை மேல் இருக்கிற சாமியா? இல்லை. மீனாட்சியா, காமாட்சியா, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் இல்லை. கடலோரத்துச் சாமியா என்றதும் சுடலையாண்டிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“பகவதி” என்றார் அம்மை.

சுடலையாண்டி இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அதன்பிறகு அவருக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. விபத்தா, பிரசவமா, காய்ச்சலா என்று அம்மை கேட்டுக்கொண்டே போனார். இவரும் பதில் சொல்லிக்கொண்டே போனார். காமாலையில் வந்து நின்றது. கேள்வி நின்ற பிறகு அம்மை கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு ஓலையைப் பார்த்து மெதுவாக வாசித்தார்.

“நீங்க வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேம்பா.”

சுடலையாண்டி உடைந்துபோனார். ஆறு வருஷத்து அழுகையும் ஒன்றாக வந்தது. அறுபத்தொரு வயது மனிதர், சின்னப் பிள்ளையாட்டம் விம்மி விம்மி அழுதார். அம்மை தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் ஓலையை அவர் கையில் கொடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார் சுடலையாண்டி. வெறும் ஓலை. ஒரு கீறல் இல்லை.

அம்மையின் முழங்காலுக்குப் பக்கத்தில் புளியங்கொட்டைகள் தனியாக வரிசை பிடித்து இருந்தன.

“நீங்க ஒவ்வொரு தடவை இல்லைன்னு சொன்னப்பவும் ஒண்ணு வச்சேன் அண்ணாச்சி. எண்ணிப் பாருங்க.”

எண்ணினார். முப்பத்தி நாலு. அவருக்கு ஞாபகம் இருந்ததோ நாலைந்துதான். நாற்பது தடவை பார்த்த அந்த வீடியோவை இப்போது நினைத்துப் பார்த்தார். அதில் இல்லை என்கிற சொல்லே கிடையாது. அவ்வளவையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

“அப்போ கடைசியா வாசிச்சீங்களே, அது?”

“நீங்க எதைக் கேக்கத் தவிக்கீங்கன்னு உங்க முகத்துலயே இருந்துச்சு. அதைச் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க.”

வெள்ளிக்கிழமை போகப்போவதில்லை என்பது சுடலையாண்டிக்குத் தெரிந்துபோயிற்று. ஏடு வாசித்தவன் மேல் கோபம்கூட வரவில்லை. மகளை இன்னொரு தடவை பறிகொடுத்த மாதிரி நெஞ்சு வலித்தது, அவ்வளவுதான். கடைசியில் அந்த வெற்றோலையை அம்மையிடமே திருப்பி நீட்டினார்.

“பொய்தான், புரிஞ்சுபோச்சு. ஆனாலும் அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிங்கம்மா.”

அம்மை ஓலையை வாங்கவில்லை.

“நான் பகவதியைப் பாத்ததே இல்லையே அண்ணாச்சி. பாத்தவரு நீங்கதான். அவ எப்படி இருப்பா, சொல்லுங்க. நான் கேக்கேன்.”