ஆறு புள்ளிச் சிரிப்பு

இக்கதையைச் சொல்வோர் ஊரை மாற்றுவர். சிலர் மேலப்பாளையம் என்பர். சிலர் கடையநல்லூர் என்பர். ஆசிரியை ஹபீபாவுக்கு நாற்பது வயது, மாணாக்கர் வேதநாயகத்துக்கு எழுபது என்பதில் எவரும் மாறுபடுவதில்லை. அன்று இருவருமே கோபமாக இருந்தனர் என்பதிலும் மாறுபாடில்லை.

வேதநாயகம் தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டு பணிசெய்தவர். ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, ஹபீபாவிடம் ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலியைக் கற்று உரிமம் வாங்கியவர். ஒரு நண்பகலில் ஹபீபாவின் ரேடியோ கடை மாடிக்கு ஏறிவந்து, மேசைமேல் ஒரு கடிதத்தை அறைந்தார்.

“கையெழுத்துப் போடுங்க டீச்சர். குத்தாலிங்கத்தோட லைசென்ஸைப் பிடுங்கணும்.”

ஹபீபா படித்தார். தென்காசித் தந்தி அலுவலகத்தில் இருந்த குற்றாலிங்கம் மூன்று வாரமாக ரேடியோவில் குறுக்கிட்டுத் தம்மைக் கேலி செய்வதாக வேதநாயகம் எழுதியிருந்தார். ஹபீபா ஹாம் சங்கத்தின் செயலாளர். அவர் கையொப்பம் இருந்தால் புகார் நிற்கும், உரிமம் போகும்.

“அவருக்குக் காது போய் ரெண்டு வருசம். மனுசப் பேச்சு பிடிபடாது. மோர்ஸ் சத்தம் ஒண்ணுதான் கேக்கு. அதையும் பிடுங்கிட்டா அவர் யார்கிட்ட பேசுவாரு?”

“அந்தக் காதை வச்சுக்கிட்டுத்தானே டீச்சர் என்னைப் பாத்துச் சிரிக்கான்!”

“சிரிக்காரா?”

“எச், ஐ. நாலு புள்ளி, ரெண்டு புள்ளி.” வேதநாயகம் மேசையில் ஆறு முறை விரலால் தட்டினார். புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் தந்திமொழியில் சிரிப்பைக் குறிக்கும் வழக்கம் அது. “எண்பத்தி நாலுல ஒரு தந்தியில ஊர்ப் பேரைத் தப்பா அடிச்சுட்டேன். தென்காசியில இருந்து இதே சிரிப்பு. ஒரே கம்பியில ஏழு ஆபீஸு. ஏழும் சேந்து சிரிச்சுது. அவன் தட்டுற தினுசு எனக்கு மறக்குமா?”

“பில்டரை எதுல வச்சுக் கேட்டீங்க?”

பில்டர் என்பது ரேடியோவின் வாசல். அகலமாக வைத்தால் அக்கம்பக்கத்து ஒலிகளும் நுழையும்; குறுக்கினால் வேண்டிய ஒலி மட்டும் நுழையும். மோர்ஸுக்கு ஐந்நூறு ஹெர்ட்ஸ் போதும் என்று ஹபீபா கற்பித்திருந்தார்.

“அம்பதுல.”

“ஏன், அதுக்குக் கீழே போக வழியில்லையோ?”

“இருந்தா போயிருப்பேன். ஐந்நூறுல வெறும் இரைச்சல். இருநூறுல லேசா வாரான். அம்பதுல தெளிவா வாரான். சந்து முடுக்குக்குள்ள ஒதுக்கியில்லா பிடிச்சிருக்கேன்!”

ஹபீபா கடிதத்தை மடித்தார்.

“போடுதேன். அதுக்கு முன்னே, என் செட்டுல கேட்டு அவர் சிரிக்கதை எழுதிக் காட்டுங்க. தந்தி ஆபீஸ் முறைப்படி. அனுப்புநர், பெறுநர், நேரம், ஒண்ணு விடாம.”

“இப்பமேவா?”

“ஏன், அவர் சாப்பிடப் போயிருப்பாரோ?”

“அவனா? வாயில சோறு இருந்தாலும் கை சும்மா இருக்காது.”

வேதநாயகம் உட்கார்ந்து தாளில் கட்டங்கள் போட்டார். ஹெட்போனை மாட்டினார். பில்டரை ஐம்பதுக்கு இறக்கினார்; ஒலியைக் கூட்டினார்; கண்களை மூடிக்கொண்டார். கண்மூடிக் கேட்பது தந்தி அலுவலகத்துப் பழக்கம்.

சற்று நேரத்தில் பென்சில் நகர்ந்தது. இ. ஐ. இ. எஸ். பிறகு எச். பிறகு ஐ.

“வந்துட்டான்!” கண் திறவாமலே கத்தினார். “எச், ஐ. திரும்பவும் எச், ஐ. வெக்கங்கெட்ட பய, எப்படிச் சிரிக்கான் பாருங்க!”

“எழுதுங்க.”

தாள் நிறைந்தது. பெறுநர் கட்டத்தில் தம் பெயரை எழுதினார். அனுப்புநர் கட்டத்தில் குற்றாலிங்கத்தின் பெயரை அழுத்தி எழுதினார். நேரம் பன்னிரண்டு நாற்பது. கீழே ஒரு கோடு கிழித்துவிட்டுக் கண்களைத் திறந்தார்.

ஆண்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கறுப்புக் கம்பியின் நுனி ஹபீபாவின் கையில் இருந்தது.

அதனை எப்போது கழற்றினார் என்பதில் இரு வழக்குகள் உண்டு. வேதநாயகம் கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது என்பது ஒன்று. அவர் தம் புகாரை ஊர்முழுதும் சொல்லிவிட்டு வந்தவராதலால், படியேறி வருமுன்பே ஹபீபா கழற்றிவைத்திருந்தார் என்பது மற்றொன்று. வேதநாயகம் கேட்கத் தொடங்கியபோது கம்பி ரேடியோவில் இல்லை என்பது இரண்டிலும் உண்டு.

வேதநாயகம் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். மறு காதில் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

“அப்போ இது எங்கேருந்து வருது?”

“பெட்டியோட சொந்த இரைச்சல். அம்பதுல வச்சு நெரிச்சா எந்த இரைச்சலும் ஒரே சுருதியில விட்டுவிட்டு ஊதும். புள்ளி புள்ளியாத்தான் கேக்கும்.”

“கம்பியில அப்படிக் கிடையாதே டீச்சர். தட்டு விழுந்தா, தட்டுனவன் ஒருத்தன் இருப்பான்.”

“இது தந்திக் கம்பி இல்லை, அண்ணாச்சி.”

வேதநாயகத்தின் முகம் சிவந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

“எச், ஐ-ன்னு தெளிவா வந்துதே! என் கையால எழுதியிருக்கேனே! முப்பது வருசம் கேட்ட காது இது. பொய்யா சொல்லும்?”

ஹபீபா கம்பி நுனியை அந்தத் தாளின்மேல் வைத்தார். வைத்த இடம் அனுப்புநர் கட்டம்.

“முதல்ல இதைத் திருத்துங்க. அடுத்தவன் பேரைப் போட்டு ஒரு தந்தி என் கடையில இருந்து வெளியே போகாது.”

வேதநாயகம் குற்றாலிங்கத்தின் பெயரை அடித்தார். அடித்த வேகத்தில் பென்சில் முனை ஒடிந்தது. ஹபீபா வேறொரு பென்சிலை நீட்டினார். அவர் அதை வாங்கி, அந்தக் கட்டத்தின்மேல் வைத்தார்.

“பின்னே யார் பேரை எழுதச் சொல்லுதீங்க?”

“இந்த மாடியில ரெண்டே பேருதான் இருக்கோம், அண்ணாச்சி. நான் அனுப்பலை.”