உடைந்த தட்டுகளில் ஒரு கண்ணாடி

“அவளுக்காகத்தான் செஞ்சேன், அம்மா. ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்குறா.”

மாசிலாமணி இதைச் சொன்னபோது தவமணி அம்மா மடத்துக் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தார். துறவி. மாசிலாமணியைவிட வயதில் இளையவர்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

மாசிலாமணியின் ஒரே மகள் கயல்விழி போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனாள். காரியம் முடிந்த மறுநாள், மனைவி பூரணம் அலமாரியிலிருந்த பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டு உடைத்தாள். மகள் ஆசையாக வாங்கிவைத்தவை. அதற்குப் பிறகு பூரணம் பேசவே இல்லை.

மாசிலாமணிக்கு அந்தச் சில்லுகளைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. சாக்கில் கட்டிவைத்தார். ஒருநாள் பலகை ஒன்றை அறுத்து, நடுவில் கண்ணாடியைப் பதித்தார். சில்லுகளின் கூர்முனையைத் தேய்த்துச் சுற்றிலும் ஒட்டினார். நீலப்பூ போட்ட சில்லுகளை மூலைகளுக்கென்று ஒதுக்கினார். இடுக்குகளில் வெள்ளை சிமெண்டைப் பூசி, ஈரத்துணியால் துடைத்தார். விரலெல்லாம் கீறல். கூடத்துச் சுவரில் மாட்டினார்.

“அதைப் பாத்தா ஒரு வார்த்தையாவது பேசுவான்னு நெனச்சேன்.”

அம்மா துணியைக் கொடியில் போட்டார்.

“வாங்க, போவோம்.”

வீட்டுக் கூடத்தில் பூரணம் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பகல் முழுக்க அங்கேதான் இருப்பாள் என்று மாசிலாமணி தணிந்த குரலில் சொன்னார்.

கண்ணாடி அழகாக வந்திருந்தது. அம்மா ஒரு சில்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போய், பூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து கண்ணாடியைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

மாசிலாமணி நின்றபடியே காத்திருந்தார்.

“இங்கேருந்து பாத்தா முகம் தெரியலை, ஐயா. கூரைதான் தெரியுது.”

அவர் முகம் சுண்டிப்போனது. தன் உயரத்துக்கு மாட்டியிருந்தார். ஆணியைப் பிடுங்கி இப்போதே கீழே அடித்துவிடுகிறேன் என்று சுத்தியலைத் தேடத் தொடங்கினார்.

“கண்ணாடி அங்கேயே இருக்கட்டும்,” என்றார் அம்மா. “நீங்க வந்து உட்காருங்க.”

எழுந்து இடம் விட்டார்.

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மகள் போனதிலிருந்து அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. தோள் பூரணத்தின் தோளில் பட்டது. அவள் நகரவில்லை.

அம்மா சொன்னது சரிதான். நீலப்பூக்களுக்கு நடுவே கூரையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

பூரணமும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெனமும் பாக்குறேன்,” என்றாள். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். “அந்த மூலையில ஒட்டடை தொங்குது.”