முளைத்த இடத்து நெல்

"அம்மா, அந்தப் பதினெட்டுக் குடும்பத்தையும் நீங்கதான் கண்டிச்சு வைக்கணும்" என்றார் நாட்டாண்மை வைத்தியலிங்கம், வந்ததும் வராததுமாக.

மடத்து அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாட்டாண்மையைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் நாட்டாண்மைக்கு அவர்தான் குரு.

"என்ன செஞ்சாங்க?"

"நம்ம குளத்துல தண்ணி மொள்ள உரிமை கேக்கறாங்கம்மா. போன வருஷம் பஞ்சம் பிழைக்க வந்ததுங்க. வாய்க்கால் தண்ணி போதாதா?"

"அதைக் குடிச்சு ரெண்டு பிள்ளைங்க படுத்த படுக்கையா இருக்காமே."

"அதுக்கு நான் என்ன பண்ண? இந்த மண்ணுல முளைச்சவனுக்குத்தான் இந்தக் குளம். நாளைக்குப் புத்தரிசிப் பொங்கல்ல ஊர் முன்னால இதைச் சட்டமாக்கப் போறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

"ஆகட்டும்."

நாட்டாண்மைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆனா சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். முளைச்ச இடத்துலயே விளைஞ்ச நெல்லுல ஒரு படி அரிசி கொண்டாங்க. நாளைக்குப் பானையில அதைத்தான் போடுவேன்."

"பூ, இவ்வளவுதானே!"

நாட்டாண்மை சேற்றில் கால் வைத்து இருபது வருஷமாகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உற்சாகமாகப் போனார்.

மறுநாள் காலை குளக்கரை மடத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. பதினெட்டுக் குடும்பமும் மடத்தையும் குளத்தையும் சுற்றிய வேலிக்கு வெளியே நின்றது. முன்னால் லச்சுமவ்வா, இடுப்பில் வெறுங்குடத்தோடு. படுத்திருக்கும் பிள்ளைகளில் ஒன்று அவளுடையது.

நாட்டாண்மை அரிசியை நீட்டினார்.

"இது எங்க முளைச்சது?" என்றார் அம்மையார், வாங்கிக்கொள்ளாமல்.

"என் நாத்தங்கால்ல."

"எங்க விளைஞ்சது?"

"மேலவயல்..."

வாய் பாதியில் நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நம்ம ஊர்ல பிடுங்கி நடாம நெல்லு ஏதுங்க, நாட்டாண்மை?" என்றார் அம்மையார்.

நாட்டாண்மைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மடத்துக்கு எதிரேதான் அவருடைய நாற்றங்கால். நடவு முடிந்து மிஞ்சிய நாற்று ஒரு மூலையில் பிடுங்காமலே கிடந்து, நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. விறுவிறுவென்று போய் அதில் கதிர்களை உருவினார். ஊர் பார்க்க உள்ளங்கையில் தேய்த்து ஊதினார்.

எல்லாம் பதர். கையில் ஒரு மணி நிற்கவில்லை.

வேலிக்கு வெளியிலிருந்து லச்சுமவ்வா பேசினாள்.

"மேலவயல் முழுக்க நாங்க நட்டதுங்கய்யா. வேற இடம் வேணாம்னு ஒரு நாத்துகூடச் சொல்லலை. வெளி நாத்து வேணாம்னு உங்க வயலும் சொல்லலை."

நாட்டாண்மை தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"அடுப்பு எரியுது. உலைக்குத் தண்ணி வேணும்" என்றார் அம்மையார்.

நாட்டாண்மை நடந்தார். வேலிப் படலைத் தன் கையாலேயே பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

"வா தாயி. எல்லாரும் வாங்க. நம்ம குளம்தான்."

லச்சுமவ்வா படியிறங்கினாள். குடம் களக்கென்று குளத்தில் அமிழ்ந்தது. பதினெட்டு வீட்டுப் பெண்களும் குலவையிட்டார்கள். ஊர்ப் பெண்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு, அவர்களுக்குமேல் குலவையிட்டார்கள். குளக்கரை மரங்களிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

மேலவயல் அரிசியில் பொங்கல் பொங்கி வழிந்தபோது நாட்டாண்மை அம்மையாரின் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"அம்மா, அந்தச் சட்டம்?"

"அதைத்தான் ஊர் பார்க்க ஊதிட்டீங்களே. இலையைப் போடுங்க."